மரம் அறுக்க ஸ்டாண்ட் வாங்குறதுக்கு முன்னாடி, எதை அறுக்கப் போறீங்கன்னு பாருங்க

நல்ல வாள் வாங்க நாலு கடை ஏறி இறங்குவோம், செயின்சா வாங்கணும்னா ஒரு வாரம் வீடியோ பாப்போம், ஆனா அந்த மரத்த எது மேல வெச்சு அறுக்கப் போறோம்னு மட்டும் கடைசி வரைக்கும் யோசிக்க மாட்டோம். ரெண்டு செங்கல்ல முட்டுக் குடுத்து வேலைய ஆரம்பிச்சிடுறோம். எனக்கு இது உறைச்சது 2018 நவம்பர்ல. கஜா புயல் அடிச்சு பேராவூரணி, பட்டுக்கோட்டை பக்கம் தோப்பு தோப்பா தென்னை சாஞ்சு கிடந்தப்ப, எங்க பெரியப்பா தோப்புலயும் வாடகைக்கு மிஷின் எடுத்து நாங்களே துண்டு போட்டோம். பாதி அறுக்கும்போதே கட்டை உருண்டு எங்கண்ணன் பாதத்து மேல ஏறிடுச்சு, நல்லவேளை மண்ணு ஈரமா இருந்ததால கால் புதைஞ்சு எலும்பு தப்பிச்சது. அன்னிக்கு மிஷின் மேலயோ ஆள் மேலயோ தப்பு இல்ல, கட்டைய அசையாம பிடிச்சுக்க எதுவுமே இல்லாததுதான் தப்பு.

முதல்ல ஒண்ணு தெளிவாகணும். பலகை, ரீப்பர், ப்ளைவுட் அறுக்குற ஸ்டாண்ட் வேற, உருட்டுக் கட்டை அறுக்குற ஸ்டாண்ட் வேற. பலகைக்கு மேல தட்டையா ஒரு சட்டம், கீழ விரிஞ்ச நாலு காலு, இப்படி ஒரு ஜோடி வேணும். உருட்டுக் கட்டைய அது மேல வெச்சா உருளத்தான் செய்யும், எவ்ளோ கயிறு கட்டினாலும். அதுக்கு பெருக்கல் குறி மாதிரி ரெண்டு சட்டம் குறுக்க போட்ட ஸ்டாண்டுதான், கட்டை அந்தப் பள்ளத்துல தானா உக்காந்துக்கும்.

பலகை ஸ்டாண்டுல உயரம்தான் பெரிய விஷயம். கைவாள்ல அறுக்குறவங்களுக்கு முழங்கால் உயரம், ஒரு 20 இன்ச் போதும், ஏன்னா ஒரு முட்டிய பலகை மேல ஊனி அமுக்கிக்கிட்டுதான் அறுப்போம். கட்டிங் மிஷின், இழைப்பு வேலைனா 30ல இருந்து 32 இன்ச், இல்லன்னா சாயங்காலம் இடுப்பு கழண்டுடும். ரெண்டு வேலையும் செய்றவங்க உயரம் மாத்துற மாடல் பாக்கலாம், ஆனா கால் நீட்டுற இடத்துல வெறும் ப்ளாஸ்டிக் கொக்கி இருந்தா வேண்டாம், இரும்பு பின் போட்டிருக்கணும். மடக்குற ப்ளாஸ்டிக் ஸ்டாண்ட தப்பு சொல்லல, வீட்டு வேலைக்கு சரிதான், நம்ம ஊர் வெயில்ல மொட்டை மாடில போட்டு வெச்சா மட்டும் கொஞ்ச வருசத்துல நொறுங்க ஆரம்பிச்சிடும்.

எடை தாங்கும்னு அட்டைல ஒரு நம்பர் போட்டிருப்பாங்க, அது ஒரு ஸ்டாண்டுக்கா ஜோடிக்கான்னு கட்டாயம் படிங்க. 19 எம்எம் ப்ளைவுட் 8க்கு 4 ஷீட் ஒண்ணே 35 கிலோவுக்கு மேல வரும், பச்சை மரம் அதவிட மோசம், கிட்டத்தட்ட தண்ணி எடைதான். 20 சென்டிமீட்டர் கனத்துல 1 மீட்டர் கட்டை சுமார் 30 கிலோ, அதே கட்டை 30 சென்டிமீட்டர் கனம், 2 மீட்டர் நீளம்னா 140 கிலோ! அந்த சைஸ ஸ்டாண்டுல ஏத்தவே கூடாது. தரையிலயே அடியில ரெண்டு குறுக்குக் கட்டை குடுத்து, உருளாம ஆப்பு வெச்சு அறுக்கணும். செயின் மண்ணுல படவே கூடாது, ஒரு தடவ பட்டாலே பல்லு மழுங்கிடும்.

வெல்டிங் பட்டறைல ஸ்கொயர் பைப்புல அடிச்சு வாங்குனா வருசக்கணக்கா உழைக்கும், ஆனா மேல இரும்பு வெறுமனே தெரியக் கூடாது, ஒரு மரச்சட்டத்த போல்ட் தலை உள்ள இறங்குற மாதிரி பதிச்சு மாட்டிடுங்க. வாள் பட்டா சட்டம்தான் வெட்டுப்படும், வெட்டுப்பட்டு வெட்டுப்பட்டு தேஞ்சதும் வேற மாத்திக்கலாம்.

கட்டை ஸ்டாண்ட நீங்களே செஞ்சுக்கலாம். 3க்கு 2 இன்ச் சட்டம், மூணரை அடி நீளத்துல நாலு, கீழருந்து மூணுல ரெண்டு பங்கு உயரத்துல ஒண்ணுக்கு ஒண்ணு குறுக்க வெச்சு போல்ட் போடுங்க, மேல திறப்பு நேர் மூலையா, அதாவது 90 டிகிரியா வரணும். அப்ப குறுக்கு சேருற இடம் தரையிலருந்து 20 இன்ச் வரும், கட்டை வெச்சதும் வெட்டு முட்டிக்கும் இடுப்புக்கும் நடுவுல விழும். செயின்சாவுக்கு இந்த உயரம்தான் பாதுகாப்பு, மிஷின் எந்தக் காரணத்துக்கும் தோளுக்கு மேல போகக் கூடாது. இப்படி ரெண்டு செட்ட ஒன்றரை அடி இடைவெளில நிறுத்தி, கீழ்ப்பக்கம் நீளவாக்குல சட்டம் அடிச்சு, சாய்வா ஒரு முட்டும் குடுத்துடுங்க, சாய்வு முட்டு இல்லன்னா பக்கவாட்டுல மடங்கிடும். வெட்டு விழுற பக்கம் ஆணியே வேண்டாம். செஞ்சு முடிச்சதும் மேல உக்காந்து நல்லா ஆட்டிப் பாருங்க, ஆடுச்சுன்னா அன்னிக்கு அறுக்காதீங்க.

இனி அறுக்குறது, இதத்தான் பொறுமையா படிக்கணும். கட்டைக்கு ரெண்டு பக்கமும் தாங்கல் இருக்க, நடுவுல மேலருந்து அறுத்தீங்கன்னா, எடை நடுவுல இறங்கி வெட்டு வாய மூடிக்கிட்டு வாள கவ்விப் பிடிச்சுக்கும். ஆப்ப பிடுங்கின குரங்கு கதை சின்ன வயசுல கேட்டிருப்போம்ல, அதே கவ்வல்தான். அதனால முடிஞ்சவரைக்கும் நடுவுல அறுக்காதீங்க, ஸ்டாண்டுக்கு வெளிய நீட்டிட்டு இருக்குற முனைய துண்டு துண்டா எடுத்துட்டு வாங்க, துண்டு தானா கீழ விழும். கனமான முனைனா முதல்ல அடியிலருந்து மூணுல ஒரு பங்கு அறுத்துட்டு, அப்புறம் மேலருந்து முடிங்க, பட்டை கிழியாது. நடுவுலதான் அறுத்தாகணும்னா இதுக்கு நேர் தலைகீழ், மேலருந்து மூணுல ஒரு பங்கு, மிச்சம் அடியிலருந்து. அடியிலருந்து அறுக்கும்போது செயின் மிஷின உங்க பக்கம் தள்ளும், அதுக்கு கைய தயாரா இறுக்கிப் பிடிச்சிருக்கணும்.

செயின்சா பாரோட, அதாவது செயின் சுத்தி ஓடுற நீளத் தகட்டோட மூக்கு, குறிப்பா அதோட மேல் பாதி, எதுலயும் முட்டக் கூடாது. முட்டுன அடுத்த நொடி மிஷின் முகத்துக்கு எகிறும், கண் இமைக்கிற நேரம் கூட இருக்காது. ஸ்டாண்டோட அந்தப்பக்க சட்டத்துல மூக்கு படுறதுதான் நிறைய நடக்குது, அதனால வெட்டுற இடத்துக்கும் சட்டத்துக்கும் ஒரு சாண் இடைவெளியாச்சும் விடுங்க, பாருக்கு நேர் பின்னாடி நிக்காம கொஞ்சம் இடதுபக்கம் தள்ளி நில்லுங்க. கட்டைய இன்னொருத்தர் கையால பிடிக்கிறது வேண்டவே வேண்டாம், பெல்ட்டோ சங்கிலியோ போட்டு ஸ்டாண்டோட கட்டுங்க, அதுவும் வெட்டுலருந்து தள்ளி.

ப்ளைவுட் ஷீட்டுக்கு ரெண்டு ஸ்டாண்டு மேல நீளவாக்குல மூணு நாலு ரீப்பர் போட்டு ஷீட்ட படுக்க வெச்சுடுங்க, கட்டிங் மிஷின் ப்ளேட ஷீட் கனத்த விட 5 எம்எம் மட்டும் இறக்குனா போதும். வெட்டு முடிஞ்சாலும் ரெண்டு பாதியும் ரீப்பர் மேலயே கிடக்கும், நடுவுல தொங்கி ப்ளேட இறுக்காது.

லுங்கி, வேட்டி, செருப்பு, கழுத்துல துண்டு, இதெல்லாம் செயின்சா பக்கத்துல ஆகவே ஆகாது. முன்பக்கம் கெட்டியான பூட்ஸ், கண்ணாடி, காதுக்கு மஃப், முடிஞ்சா செயின்சாவுக்குன்னே விக்கிற கால் கவசம், அதுக்குள்ள இருக்குற நூல் செயின்ல சிக்கி மிஷின நிறுத்திடும். ஈர மண்ணுல ஸ்டாண்ட் போட்டா ஒவ்வொரு காலுக்கு அடியிலயும் பலகைத் துண்டு வைங்க. வேலை முடிஞ்சதும் கட்டைய மேலயே விட்டுட்டு சாப்பிடப் போகாதீங்க, பசங்க வந்து ஏறுவாங்க, இறக்கி வெச்சுட்டு, ஸ்டாண்ட கரையான் ஏறாம செங்கல் மேல தூக்கி வெச்சுட்டு, போல்ட்ட ஒரு தடவ திருகிப் பாத்துட்டுப் போங்க.