பள்ளிக்கூட வாசலில் மரம் வளர்க்க: தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் தவறு, தேதியில் நடக்கிறது. ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாள் பள்ளி திறக்கும் சமயத்தில் வருவதால், விழா நடத்த வசதி. கன்றுக்கு அது கெட்ட நேரம். அக்னி நட்சத்திரம் முடிந்தாலும் தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் வெயிலும் அனல் காற்றும் உடனே ஓய்வதில்லை. தென்மேற்குப் பருவமழை நன்றாகப் பெய்யும் கன்னியாகுமரி, பொள்ளாச்சி பக்கம் ஜூனில் நடலாம். மற்ற ஊர்களில் அக்டோபர்தான் சரி. விழாவாகவே செய்ய வேண்டுமென்றால், இளைஞர் எழுச்சி நாளாகப் பள்ளிகள் கொண்டாடும் கலாம் பிறந்தநாள், அக்டோபர் 15, இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்குவதும் அதை ஒட்டித்தான்.

இரண்டாவது தவறுதான் அதிகக் கன்றுகளைக் கொல்கிறது. ஏப்ரல், மே விடுமுறையில் யார் தண்ணீர் ஊற்றுவது என்று முடிவு செய்யாமலே நட்டுவிடுகிறோம். பள்ளி பூட்டிக் கிடக்கும் நாள்களில் தெருவில் இருப்பவர்கள் எதிர்க்கடைக்காரர், ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள், காவலாளி. நடுவதற்கு முன்பே அவர்களிடம் பேசி, ஆளுக்கு இரண்டு கன்று என்று ஒப்படையுங்கள். பத்துக் கன்றுக்குத் தலா 20 லிட்டர் என்றால் ஒரு முறைக்கு 200 லிட்டர், ஒரு டிரம். அதற்கு மேல் தண்ணீர் வசதி இல்லையென்றால் பத்துக்கு மேல் நடாதீர்கள். நூறு நட்டுத் தொண்ணூறைக் காயவிடுவது பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக்கொடுக்கக் கூடாத பாடம்.

தினமும் ஒரு சொம்பு தெளிப்பதும் தவறு. மேல்மண் மட்டும் நனைவதால் வேர் மேலேயே தங்கிவிடும். முதல் மாதம் மழை இல்லாத நாள்களில் ஒருநாள் விட்டு ஒருநாள் 10 லிட்டர், பிறகு வாரம் இருமுறை 20 லிட்டர், கோடையில் மூன்று முறை. பழைய 20 லிட்டர் வாட்டர் கேனின் அடியில் ஊசித் துளை போட்டுத் தண்டிலிருந்து ஓரடி தள்ளி வைத்தால், தண்ணீர் ஓடி வீணாகாமல் மெல்ல இறங்கும். காய்ந்த சருகை நான்கு விரல் உயரத்துக்கு மூடாக்காகப் போடுங்கள். சருகு தண்டை மட்டும் தொடக் கூடாது, தொட்டால் பட்டை அழுகும்.

குழி மூன்றடி நீளம், அகலம், ஆழம் இருக்க வேண்டும். தெருவோரம் தோண்டினால் பெரும்பாலும் செங்கல் துண்டும் சிமென்ட் கழிவும்தான் வரும். அதையே திரும்பக் கொட்டி மூடாதீர்கள். இரண்டு பங்கு நல்ல மண், ஒரு பங்கு மக்கிய தொழு உரம், கால் கிலோ வேப்பம் புண்ணாக்கு கலந்து நிரப்புங்கள். பச்சைச் சாணம் வேரைச் சுடும், கரையானையும் இழுக்கும்.

கன்றின் பாலித்தீன் பையை அடியில் மட்டும் கிழித்து அப்படியே இறக்குவது எங்கும் நடக்கிறது. பக்கவாட்டில் பிளேடால் கீறி, பையை முழுவதும் உரித்தெடுங்கள். நர்சரியில் அதிக நாள் கிடந்த கன்றென்றால், அடியில் வேர் வளையம் வளையமாகச் சுற்றியிருப்பது கண்ணுக்குத் தெரியும். அந்தச் சுருளைக் கத்தரித்துவிட்டு நட வேண்டும். விட்டால் அது பருத்துத் தன் தண்டையே நெரிக்கும், பலத்த காற்றில் மரம் வேரோடு சாயும். பையில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ, தரையிலும் அதே மட்டம் வரட்டும். ஊன்றுகோலில் கட்டக் கயிற்றுக்குப் பதில் பழைய துணி போதும். எட்டு வடிவில் தளர்வாகக் கட்டுங்கள்.

மின்கம்பிக்குக் கீழே பெரிய மரம் வேண்டாம். அங்கே மந்தாரை, சரக்கொன்றை போன்ற சிறு மரங்கள். திறந்த இடத்தில் புங்கம், வேம்பு, மகிழம். குல்மோகர் பூ அழகுதான், ஆனால் கிளை எளிதில் முறியும். 2016 வர்தா புயலில் சென்னையில் குல்மோகரும் தூங்குமூஞ்சியும் ஏராளமாகச் சாய்ந்தன. முருங்கையில் கம்பளிப்பூச்சி வரும். அரளி விஷம், பள்ளிப் பக்கமே வேண்டாம். வாசலுக்கு இருபுறமும் 5 மீட்டர் காலியாக விடுங்கள். சாலையைக் கடக்கும் குழந்தை ஓட்டுநர் கண்ணில் பட வேண்டும்.

கன்றைச் சுற்றி வைத்த இரும்புக் கூண்டை மறந்துவிடாதீர்கள். ஆடு மாட்டுக்கு எட்டாத உயரம் வந்ததும் கழற்றாவிட்டால் கம்பி பட்டைக்குள் புதையும். பேவர் பிளாக் பதிக்க வருபவர்களிடம் மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் மண்ணாக விடச் சொல்லுங்கள். டெல்லியில் மரங்களைச் சுற்றியிருந்த காங்கிரீட்டை இதே அளவுக்கு அகற்றும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-ல் உத்தரவிட்டது. பெருக்கிய சருகை அடிமரத்தில் குவித்துக் கொளுத்துவதும் அட்மிஷன் போர்டை ஆணியடித்து மாட்டுவதும் உடனே நிறுத்த வேண்டியவை.

கவாத்து, அதாவது கிளை வெட்டிச் சீராக்குவது: முதல் ஆண்டு கீழ்க்கிளைகளை விட்டுவையுங்கள், தண்டு பருக்க அவை தேவை. பிறகு ஆண்டுக்குச் சிலவாக நீக்கி, ஏழடி வரை தண்டைச் சுத்தமாக்கலாம். ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது. மழைக்கு முன் மின்வாரியத்தினர் கிளை வெட்ட வரும்போது பள்ளியிலிருந்து ஒருவர் கூட நின்று, கம்பிப் பக்கத்தை மட்டும் மொட்டையடிக்காமல் எதிர்ப்பக்கமும் கொஞ்சம் குறைக்கச் சொல்ல வேண்டும். ஒருபக்கப் பாரத்தோடு நிற்கும் மரம் அடுத்த புயலில் பள்ளிச் சுவர்மேல் விழக்கூடும்.