குப்பம் பக்கம் பழைய குவாரியில் சோலார் போட இடம் பார்ப்பது எப்படி

ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் குப்பம், வி.கோட்டா பக்கம் கைவிட்ட கிரானைட் குவாரிகளைத் தேடி வருகிறவர்கள் என்னிடம் முதலில் விசாரிப்பது வெயிலைப் பற்றி. வெயிலுக்கு இங்கே பஞ்சமா? சர்வேக்காரன் நான், தரையைப் பாருங்கள் என்பேன்.

ஒரு மெகாவாட்டுக்கு நாலைந்து ஏக்கர் வேண்டும். குழி, கல்மேடு, லாரிப் பாதை எல்லாம் போக மிஞ்சுவதை மட்டும் கணக்கில் எடுங்கள். ஒரு குவாரி பத்தாது, பக்கத்துக் குவாரிகளையும் சேர்த்தே பாருங்கள்.

கிளம்பும் முன் கூகுள் எர்த்தில் பழைய வருடப் படங்களைத் தள்ளிப் பாருங்கள். இன்று மைதானம் மாதிரி இருப்பது அன்று தண்ணீர் நின்ற குழியாக இருக்கலாம். ஊரில் பழைய கிரேன் டிரைவர் இருந்தால் கூட்டிப் போங்கள். அப்படி வந்த பெரியவர் ஒருவர் காலால் தட்டி, "அந்தப் பாறை வரைக்கும் வேஸ்ட் கல்லு கொட்டி மூடினதுப்பா" என்றார். ஜேசிபி விட்டுத் தோண்டினோம். மேலே ஒரு முழம் செம்மண், அதற்குக் கீழே கை நுழையும் அளவு சந்து விட்டுக் கிடந்த கற்கள். மழைக்கு அந்த மண் சந்தில் இறங்கும், தரை ஒரு பக்கமாக அமுங்கும், ஃபிரேம் முறுக்கிப் பேனல் கண்ணாடி விரிசல் விடும். இங்கே பைல், அதாவது தரையில் அடித்து இறக்கும் தூண், இறங்காது. ரோலர் ஓட்டி, ஒரு மழைக்காலம் விட்டு, திரும்ப லெவல் எடுங்கள். அமுங்கவில்லை என்றால் கான்கிரீட் கட்டை வைத்து அதன் எடையில் பேனலை நிறுத்தலாம். கெட்டிப் பாறை கிடைத்தால் யோகம்: கம்ப்ரசரில் துளை போட்டு, கம்பி இறக்கி, கிரவுட் என்கிற சிமெண்ட் கலவையை ஊற்றினால் தீர்ந்தது. அதற்குக் குவாரி ஆட்களே இருக்கிறார்கள்.

தெற்கிலும் கிழக்கிலும் வெட்டுச் சுவர் நின்றால் உஷார். 10 மீட்டர் சுவரின் நிழல் டிசம்பர் கடைசியில் காலை 9 மணிக்கு 15 மீட்டரைத் தாண்டும். பக்கத்தில் இன்னும் வெடி வைக்கிறார்களா என்றும் கேளுங்கள். தூசியைக் கழுவலாம், பறக்கும் கல்லுக்கு மருந்தில்லை.

காகிதத்தில், குவாரி குத்தகை முறையாக முடிந்ததா என்று பாருங்கள். டிகேடி பட்டா என்றால் அரசு ஒப்படைத்த நிலம், கைமாற்ற ஆந்திராவின் 1977 ஒப்படை நிலச் சட்டத்தின் கட்டுப்பாடு உண்டு. வக்கீலிடம் காட்டுங்கள்.

கவுண்டின்யா சரணாலயத்து யானைகள் இந்தப் பக்கமும் வரும். வேலிக்கோடு போடும் முன் வனத்துறையிடம் வழித்தடம் கேளுங்கள், இல்லாவிட்டால் வருடா வருடம் வேலிச்செலவு. 33 கே.வி. துணை மின் நிலையம் எவ்வளவு தூரம், உங்கள் மின்சாரத்தை ஏற்க அதில் இடம் இருக்கிறதா என்று எழுத்தில் வாங்கிய பிறகே முன்பணம் கொடுங்கள்.