கிணற்றுத் தண்ணீரைப் பற்றி ஊரைப் பேச வைப்பது எப்படி?

கிராம சபையில் ஒருவர் எழுந்து "நம்ம ஊர் நிலத்தடி நீர் கெட்டுப்போச்சு" என்றால் பெரும்பாலும் சண்டைதான் வரும், தீர்மானம் வராது. கூட்டத்துக்கு முன்பே ஆளாளைத் தனியாகப் பார்த்துப் பேசுவதுதான் உண்மையான வேலை.

அதற்கும் முன்னால் தண்ணீரைச் சோதித்து முடிவைக் கையில் வாங்கிவிடுங்கள். ஒரு திறந்த கிணறு, பள்ளிக்கூடத்து போர் (ஆழ்துளைக் கிணறு), மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றும் போர், வயலுக்கு நடுவே ஒன்று என்று நாலு இடம் போதும். போரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு அப்புறம் பிடியுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகம் மாவட்டங்களில் இருக்கிறது. கிருமிச் சோதனைக்கு அவர்கள் தரும் பாட்டிலில் பிடித்து, ஐஸ் வைத்து அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும். டிடிஎஸ் மீட்டரை மட்டும் நம்பாதீர்கள், அது மொத்த உப்பைச் சொல்லுமே தவிர நைட்ரேட்டையும் (யூரியா, சாக்கடையிலிருந்து நிலத்தடிக்கு இறங்கும் உப்பு) கிருமியையும் பிரித்துச் சொல்லாது. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, ஃபுளோரைடு 1 வரை இருக்கலாம் (வேறு வழியே இல்லை என்றால் 1.5), 100 மில்லியில் இ.கோலை (மலம் கலந்ததைக் காட்டும் கிருமி) ஒன்றுகூட இருக்கக் கூடாது. காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது.

சரி, யாரிடம் கேட்பது?

விவசாயியிடம் போய் "யூரியா அதிகம் போடுறீங்க" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அவர் கிணற்றின் நைட்ரேட் அளவை அவரிடமே காட்டுங்கள், மிச்சக் கணக்கை அவரே போடுவார். பருப்பு எந்த மாதம் வேகாமல் அடம்பிடிக்கிறது, எப்போது நுரை வராமல் சோப்பு தீர்கிறது என்று சமைத்துத் துவைக்கிறவர்களிடம் கேளுங்கள். தொட்டி ஆபரேட்டரை விட்டுவிடவே கூடாது. எந்தக் குழாய் சாக்கடைக்குள் போகிறது என்று அவருக்குத்தான் தெரியும், ஆனால் கூட்டத்தில் வாயே திறக்க மாட்டார். செப்டிக் டேங்க் லாரிக்காரர் கூட்டத்துக்கு வரவே மாட்டார், டீக்கடையில்தான் பிடிக்க வேண்டும். எங்கே கொட்டுகிறார் என்பதைவிட ஏன் அங்கே கொட்டுகிறார் என்று கேளுங்கள்.

பக்கத்தில் சாயப்பட்டறையோ தோல் தொழிற்சாலையோ இருந்தால் முதலாளியை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள், தொழிலாளியை வேலையிடத்துக்கு வெளியே வைத்துக் கேளுங்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது முதலில் பட்டினி பயம் வந்தது தொழிலாளிகளுக்குத்தான். அந்தப் பயம் நியாயமானது. அதே நேரம் திருப்பூருக்குக் கீழே நொய்யல் ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய சாயத்தண்ணீரால் நிலம் கெட்ட விவசாயியின் கோபமும் நியாயமானதுதானே? இரண்டையும் ஒரே தாளில் எழுதுங்கள், எதையும் மழுப்பாமல். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று வேலூர் தோல் தொழிற்சாலை வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996லேயே சொல்லிவிட்டது, முதலாளியோடு பேசும்போது அது உதவும்.

அப்புறம் கிராம சபை. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் கூட்டம் இதற்குப் பொருத்தம். "நீர்வளம் காக்கப்பட வேண்டும்" என்ற மாதிரி தீர்மானம் வேண்டாம், அதை வைத்து யாரையும் ஒன்றும் கேட்க முடியாது. எந்தக் கிணறு, என்ன வேலை, யார் செய்வது, எந்தத் தேதிக்குள் என்று எழுதச் சொல்லி, தீர்மானப் புத்தகத்தில் ஏறியதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு நகலும் வாங்குங்கள். தொழிற்சாலைக் கழிவு என்றால் அந்த நகலோடு சோதனை முடிவையும் சேர்த்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மழை முடிந்ததும் அதே நாலு இடத்தில் மறுபடி தண்ணீர் பிடியுங்கள்.