கூடாத எலும்புக்கு மஜ்ஜை வைப்பது எப்படி: ஆர்த்தோ படிக்க வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு

ஆடுகிற எலும்பில் எந்த ஸ்டெம் செல்லும் (எலும்பு போன்ற திசுக்களாக மாறக்கூடிய மூலச் செல்) வேலை செய்யாது. எங்கள் யூனிட்டுக்கு மேற்படிப்புக்கு வரும் பி.ஜி. டாக்டர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். உடைந்த இடத்தில் அதிக அசைவு இருக்கும்வரை அங்கே போய்ச் சேரும் செல்கள் பெரும்பாலும் நாராகத்தான் மாறும், எலும்பாகாது. அதனால் இடுப்பிலிருந்து மஜ்ஜை எடுத்து உடைந்த இடத்தில் வைக்க ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன்னால் உள்ளே இருக்கும் ராடு, பிளேட், ஸ்க்ரூ எல்லாம் உறுதியாக நிற்கிறதா என்று பாருங்கள். தளர்ந்திருந்தால் அதைச் சரிசெய்வதுதான் முதல் சிகிச்சை.

அடுத்து, யாருக்கு வைப்பது? பைக் விபத்தில் டிபியா (முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பு) உடைந்து, ராடு போட்டு, ஒன்பது மாதம் ஆகியும் எலும்பு கூடவில்லை. கடைசி மூன்று மாத எக்ஸ்ரேக்களில் எந்த முன்னேற்றமும் இல்லை என்றால் அதை நான்-யூனியன் என்கிறோம். எக்ஸ்ரேயை நன்றாகப் பாருங்கள். எலும்பு முனைகள் பருத்து, காலஸ் (முறிவைச் சுற்றி வளரும் புது எலும்பு) நிறைய இருந்தும் நடுவில் கோடு மட்டும் மறையவில்லை என்றால், அந்த எலும்புக்கு உயிர் இருக்கிறது, பிடிப்புதான் போதவில்லை. அவருக்கு மஜ்ஜை வேண்டாம், பிடிப்பை மாற்றுங்கள். முனைகள் மெலிந்து, காலஸே இல்லாமல் வெறுமையாகத் தெரிந்தால் அங்கேதான் செல் பஞ்சம். நம் வேலை அவருக்குத்தான்.

கிருமித்தொற்றைக் காட்டிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனைகளான இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. பார்க்காமல் யாரையும் தியேட்டருக்குள் கொண்டு போகாதீர்கள். சீழ் வடிந்த தழும்பு ஒன்று இருந்தால்கூடச் சந்தேகப்படுங்கள். கிருமி இருக்கும் இடத்தில் மஜ்ஜையை வைப்பது பணத்துக்கும் கேடு, காலுக்கும் கேடு. கால் வளைந்திருந்தாலோ, குட்டையாகியிருந்தாலோ ஊசியால் மட்டும் தீராது. சர்க்கரை, வைட்டமின் டி, தைராய்டு மூன்றையும் பாருங்கள். பீடி, சிகரெட் பிடிப்பவரிடம் அதை நிறுத்துவது ஆபரேஷனில் பாதி என்று நேராகச் சொல்லுங்கள். நடுவில் புத்தூர் கட்டுக்குப் போய்விட்டு வந்தவர்கள் அதைச் சொல்லத் தயங்குவார்கள். திட்டாமல் கேட்டால் எத்தனை வாரம் கட்டு இருந்தது, எப்போது காலை ஊன்றினார் என்று எல்லாம் சொல்வார்கள். நமக்கு வேண்டியதும் அந்த விவரம்தான்.

மஜ்ஜையில் எலும்பாக மாறக்கூடிய செல் இருக்கிறது என்பதை 1960களில் மாஸ்கோவில் ஃப்ரீடன்ஸ்டீன் காட்டினார். 1991-ல் அமெரிக்காவின் கேப்லன் அவற்றுக்கு மீசன்கைமல் ஸ்டெம் செல் என்று பெயர் வைத்தார். கஷ்டம் என்னவென்றால் அவை மிகமிகக் குறைவு: மஜ்ஜையின் உட்கரு உள்ள செல்களில் பத்தாயிரத்தில் ஒன்றிலிருந்து லட்சத்தில் ஒன்று வரைதான். 2005-ல் பிரான்ஸின் எலும்பு சர்ஜன் எர்னிகூ டிபியா கூடாத 60 பேருக்கு, செறிவாக்கிய மஜ்ஜையை ஊசி வழியாகவே வைத்தார். 53 பேருக்குக் கூடியது. கூடியவர்களுக்கு வைத்த மஜ்ஜையில் ஒரு மில்லிக்கு 1,500-க்கு மேல் முன்னோடிச் செல்கள் (எலும்பாக மாறக்கூடியவை) இருந்தன. கூடாத ஏழு பேருக்கு அந்த எண்ணிக்கை அதைவிட நன்றாகவே குறைவு. "மஜ்ஜை வைத்தோம்" என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதுவதால் ஆவது ஒன்றுமில்லை. வைத்ததில் எத்தனை செல் இருந்தது என்பதுதான் கேள்வி, அது நீங்கள் எடுக்கும் விதத்தில் இருக்கிறது.

சரி, எடுப்பதைச் சொல்கிறேன். இதைத்தான் பலர் அவசரமாகச் செய்கிறார்கள்.

இடம் இடுப்பெலும்பின் மேல்விளிம்பு. பின்பக்கம் செல் அதிகம், ஆனால் நோயாளியைக் குப்புறப் படுக்க வைக்க வேண்டும். டிபியா வேலைக்கு மல்லாந்த நிலையிலேயே முன்பக்கம் எடுப்பது வசதி. முன்பக்கம் என்றால், எலும்பு துருத்தி நிற்கும் முனையிலிருந்து மூன்று சென்டிமீட்டராவது பின்னால் தள்ளிக் குத்துங்கள். முனையை ஒட்டிப் போனால் தொடைக்கு உணர்ச்சி தரும் நரம்பில் பட்டுவிடும், மாதக்கணக்கில் எரிச்சல் என்று வந்து நிற்பார்கள். ஊசியை இரண்டு எலும்புத் தகடுகளுக்கு நடுவே கொண்டு போக வேண்டும். ஆட்காட்டி விரலையும் கட்டைவிரலையும் விளிம்பின் இரு பக்கமும் வைத்துக்கொண்டால் திசை தப்பாது.

சிரிஞ்சு சிறியதாக இருக்கட்டும். பத்து மில்லி சிரிஞ்சு, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினில் அலசியது. ஐம்பது மில்லி சிரிஞ்சை மாட்டி ஒரே இழுப்பில் நிரப்பினால் சீக்கிரம் முடியும், ஆனால் அதில் பெரும்பகுதி வெறும் ரத்தம். 1997-லேயே மஷ்லர் குழு இதை அளந்து காட்டியது: ஓரிடத்தில் இரண்டு மில்லிக்கு மேல் இழுத்தால் சுற்றியுள்ள ரத்தம்தான் வந்து கலக்கிறது. பிஸ்டனைச் சட்டென்று, கொஞ்சமாக இழுங்கள். முதலில் வருவது அடர்ந்த கருஞ்சிவப்பாக, கொழகொழவென்று இருக்கும். சிரிஞ்சைச் சாய்த்தால் கண்ணாடியில் எண்ணெய்த்துளி மினுங்கும், மணல் போன்ற எலும்புப் பொடியும் தெரியும். அதுதான் மஜ்ஜை. நிறம் வெளுத்து, தண்ணீராக ஓட ஆரம்பித்த உடனே நிறுத்திவிடுங்கள். ஊசிமுனையைக் கால்வட்டம் திருப்பி மறுபடி இழுங்கள், அப்புறம் ஒரு சென்டிமீட்டர் ஆழம் மாற்றுங்கள், அப்புறம் வேறு துளை. தோலில் ஒரே துளை போதும், எலும்பில் பல துளை வேண்டும். கை வலிக்கும். செல் எண்ணிக்கை இந்தப் பொறுமையில்தான் வருகிறது.

முதுகில் மரப்பு ஊசி போட்டு விழித்தபடி படுத்திருந்த ஒரு லாரி டிரைவர் ஒருமுறை கேட்டார்: "சார், ஒடஞ்சது கால்ல, இடுப்புல எதுக்கு சார் குத்துறீங்க?" நியாயமான கேள்வி. "உங்க காலுக்கு வேண்டிய விதை உங்க இடுப்புலதாண்ணே இருக்கு" என்றேன். இந்தப் பதிலை ஆபரேஷனுக்கு முந்தைய நாள் வார்டிலேயே, வீட்டாரையும் உட்கார வைத்துச் சொல்லிவிட வேண்டும். இடுப்பு ஒரு வாரம் வலிக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

எடுத்ததை வடிகட்டி, கட்டியையும் எலும்புத் துணுக்கையும் நீக்கி, தியேட்டரிலேயே சென்ட்ரிஃப்யூஜில் சுற்ற வேண்டும். அடியில் சிவப்பணு, மேலே பிளாஸ்மா, நடுவில் மெல்லிய வெண்படலம். நமக்கு வேண்டியது அந்தப் படலம். எர்னிகூ சுமார் 300 மில்லி எடுத்து 50 மில்லியாகக் குறைத்தார். செல் செறிவு நான்கு மடங்கு கூடியது. ரத்தம் குறைவான நோயாளியிடம் இவ்வளவு எடுப்பதற்கு முன்னால் ஹீமோகுளோபினைப் பாருங்கள், மயக்க மருந்து டாக்டரிடமும் பேசிவிடுங்கள்.

முனைகள் நெருங்கியிருந்தால் சி-ஆர்மில் (ஆபரேஷனின்போதே காட்டும் எக்ஸ்ரே கருவி) பார்த்தபடி ஊசியை இடைவெளிக்கும் எலும்பு முனைகளைச் சுற்றியும் கொண்டுபோய், 20 மில்லி வரை மெதுவாகச் செலுத்தலாம். வேகமாகத் தள்ளினால் கொழுப்பு ரத்தக்குழாய்க்குள் போகும் ஆபத்து உண்டு. எலும்பில் குழியோ பள்ளமோ இருந்தால் திரவம் அங்கே தங்காது. அங்கேதான் பயோமெட்டீரியல், அதாவது உடம்பு ஏற்றுக்கொள்ளும் செயற்கைப் பொருள், வேண்டும். பந்தல் இல்லாமல் அவரைக்கொடி எங்கே ஏறும்?

எந்தப் பொருள்? கால்சியம் சல்ஃபேட் வாரக்கணக்கில் கரைந்துவிடும், எலும்பு வருவதற்குள் பந்தலே போய்விடுகிறது. ஹைட்ராக்ஸிஅபடைட் வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும், எக்ஸ்ரேயில் கூடியதா இல்லையா என்று சொல்வதே கஷ்டம். நடுவில் இருப்பது பீட்டா டிரைகால்சியம் பாஸ்ஃபேட். மாதங்கள் எடுத்துக் கரையும், கரைய கரைய எலும்பு இடம் பிடிக்கும். பெரும்பாலும் நான் எடுப்பது அதைத்தான், அல்லது அதுவும் ஹைட்ராக்ஸிஅபடைட்டும் கலந்ததை. நுண்துளை 100 மைக்ரானுக்குக் குறையக் கூடாது, 300-க்கு மேல் இருந்தால் ரத்தக்குழாய் நன்றாக நுழையும். துளைகள் ஒன்றோடொன்று இணைந்திருப்பது அதைவிட முக்கியம். திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரா மருத்துவத் தொழில்நுட்ப நிலையம் இந்தப் பீங்கான் பொருட்களில் பல வருடங்களாக உழைத்திருக்கிறது. ஆட்டின் தொடையெலும்பில் ஸ்டெம் செல்லோடு வைத்தும் சோதித்திருக்கிறார்கள்.

அந்தப் பீங்கான் குருணைகளைக் கிண்ணத்தில் போட்டு, மஜ்ஜைச் செறிவை ஊற்றி, பத்துப் பதினைந்து நிமிடம் ஊற விடுங்கள். வெள்ளைக் குருணை முழுக்கச் சிவந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். முனைகளைச் சுரண்டி, புள்ளி புள்ளியாக ரத்தம் கசிகிறதா என்று பார்த்த பிறகே நிரப்புங்கள். அடித்துத் திணித்தால் துளைகள் நசுங்கிவிடும். வைத்த பிறகு சலைன் விட்டுக் கழுவாதீர்கள். ரத்தத்தை உறிஞ்சி வெளியேற்றும் ட்ரெயின் குழாயும் அங்கே வேண்டாம். பாடுபட்டு எடுத்த செல்லை அது பாட்டிலில் சேர்த்துவிடும். சில சென்டிமீட்டர் எலும்பே இல்லை என்றால் இது போதாது, மாஸ்கலே முறை (சிமெண்டைச் சுற்றி சவ்வு வளர விட்டு, பிறகு எலும்பு வைப்பது), இலிசரோவ் (வெளியே வளையம் மாட்டி எலும்பை இழுத்து வளர்ப்பது) பக்கம் போகவேண்டும்.

பணம் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டுதலின்படி, ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று தவிர மற்ற ஸ்டெம் செல் பயன்பாடெல்லாம் ஆராய்ச்சிக் கணக்குதான். ஆராய்ச்சி என்றால் நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. ஆய்வகத்தில் வளர்த்துப் பெருக்கிய செல் என்றால் 2019 விதிகளின்படி அது புதிய மருந்து, அனுமதி வேண்டும். உங்கள் மருத்துவமனையின் எத்திக்ஸ் கமிட்டியிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். நோயாளியிடம் "ஸ்டெம் செல் சிகிச்சை" என்று பெரிதாகச் சொல்லாமல், "உங்கள் மஜ்ஜையைச் செறிவாக்கி வைக்கிறோம், எல்லாருக்கும் பலிப்பதில்லை" என்று சொல்லுங்கள். நிலத்தை அடகு வைத்து வருகிறவர்கள் அவர்கள்.

அப்புறம் ஆறு வாரத்துக்கு ஒரு எக்ஸ்ரே, ஒவ்வொரு முறையும் அதே கோணத்தில். நான்கு பக்கப் புறணியில் (எலும்பின் கெட்டியான வெளிச்சுவர்) மூன்றில் காலஸ் பாலம் கட்டினால், ஊன்றும்போது வலியும் இல்லாவிட்டால், கூடிவிட்டது. சந்தேகம் என்றால் சி.டி. எடுங்கள். ஆறு மாதத்தில் எக்ஸ்ரேயில் எந்த முன்னேற்றமும் இல்லை என்றால் இரண்டாவது ஊசி என்று இழுத்தடிக்காமல், திறந்து இடுப்பெலும்புத் துண்டையே எடுத்து வைத்துவிடுங்கள்.