ராம்நாடு கடக்கரைக்கு வாலண்டியரா வர்றீங்களா, இந்தத் தப்பெல்லாம் வேணாம்

மலைப்பக்கம் எக்கோ டூரிசம், அதான் இயற்கையக் கெடுக்காத சுற்றுலா, நடக்குற ஊருகளுக்கு வாலண்டியரா போயி எளிமையாத் தங்கி வேலை செய்ற பழக்கம் இப்ப எங்க ராமநாதபுரம் கடக்கரைக்கும் வந்திருச்சு. காரங்காடு அலையாத்திக் காடு (மாங்குரோவ்), பாம்பன், தனுஷ்கோடின்னு நெறைய புள்ளைங்க வர ஆசப்படுறாங்க, வாங்க, ரொம்ப சந்தோஷம். ஆனா திரும்பத் திரும்ப நடக்குற தப்புல முக்காவாசி ஒரே எடத்துல இருந்துதான் வருது. எளிமைன்னா நம்ம வசதியக் கொறச்சுக்கிட்டா போதும்னு நெனக்கிறாங்க, நம்ம போயித் தங்குறதால அந்த வீட்டு அக்காவுக்கு எத்தன கொடம் கூட சொமக்க வேண்டியிருக்குன்னு பாக்குறதில்ல.

தண்ணியத்தான் மொதல்ல சொல்லணும். இங்க பல ஊர்ல நெலத்தடித் தண்ணி உப்பு. காவிரிக் கூட்டுக் குடிநீர் எப்ப வரும்னு காத்துக் கெடந்து, தள்ளுவண்டில பிளாஸ்டிக் கொடத்த வரிசையா அடுக்கித் தள்ளிக்கிட்டுப் போற பொம்பளைங்கள இந்த மாவட்டத்துல எங்க வேணா பாக்கலாம். அப்படிக் கொண்டாந்த தண்ணியில காலைல ஒரு குளியல் சாயங்காலம் ஒரு குளியல்னு ஊத்தாதீங்க. வந்த அன்னைக்கே எது குடிக்கிற தண்ணி எது பொழங்குற தண்ணின்னு கேட்டுக்கங்க, உப்புத்தண்ணில சோப்பு சரியா நுரைக்காது, அதுக்காக நல்ல தண்ணியில கை வைக்க வேணாம். தனுஷ்கோடிப் பக்கம் மணல்ல ஊத்துத் தோண்டி செரட்டையால மொண்டு மொண்டு கொடத்துல ஊத்துவாங்க, பாத்துட்டு உதவி பண்றேன்னு மம்பட்டியத் தூக்கிட்டு இன்னும் ஆழமாத் தோண்டப் போயிராதீங்க. மழைத்தண்ணி மணலுக்குள்ள எறங்கி உப்புத்தண்ணிக்கு மேலாப்புல நிக்கிது, அதான் அந்த ஊத்து ஆழமில்லாம இருக்கு, ஆழம் போனா உப்பு ஏறிரும், அப்புறம் அந்த ஊத்து யாருக்கும் ஆகாது.

அடுத்தது கன்னு நடுறது. அலையாத்திக் காடுன்னதும் எல்லாருக்கும் கன்னு நட்டு போட்டோ எடுக்கணும். கன்னு நட்டாப் போதும்னா வேலை சுளுவா முடிஞ்சிருக்குமே. கடல்தண்ணி ஏறி எறங்குற எடமா இல்லன்னா சேத்துல தண்ணி தேங்கி உப்பு கூடிப் போயி நட்டதெல்லாம் கருகிரும். அதனாலதான் மீன்முள்ளு மாதிரி ஒரு பெரிய வாய்க்கா, அதுல இருந்து ரெண்டு பக்கமும் சின்ன வாய்க்கான்னு வெட்டித் தண்ணி போக வர வழி பண்றாங்க. அந்த வாய்க்கால்ல மண்ணு சேர்ந்து தூந்து போகும், அத அள்ளிப் போடத்தான் ஆள் வேணும். முழங்கால் வரைக்கும் சேறு, முதுகு ஒடியும், போட்டோவுக்கு ஒண்ணும் இருக்காது, ஆனா மரம் பொழைக்கிறது அந்த வேலையாலதான். நடக்கும்போதும் கீழ பாத்து நடங்க, சேத்துக்கு வெளிய குச்சி குச்சியா நீட்டிக்கிட்டு இருக்குறது மூச்சு வேர், மரம் காத்து வாங்குறதே அது வழியாத்தான், மிதிச்சு ஒடச்சிராதீங்க.

கடக்கரையச் சுத்தம் பண்றேன்னு கரையில ஒதுங்குன காஞ்ச கடல்புல்லையும் சேத்து வாரிக் குப்பைல போடுறவங்க இருக்காங்க. அது குப்பை இல்லைங்க. மணலப் புடிச்சு வைக்கிறதும் நண்டு பூச்சிக்கெல்லாம் தீனியாகுறதும் அதுதான். எடுக்க வேண்டியது அறுந்த வலைத் துண்டு, தூண்டில் நரம்பு, பிளாஸ்டிக் பாட்டில். சங்கு, சிப்பி, பவளப்பாறைத் துண்டுன்னு ஞாபகத்துக்கு எதையும் பையில போடவும் வேணாம். பவளப்பாறை, கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல வர்றது, செத்துக் கெடந்தாலும் தொடக்கூடாது, கேஸ் ஆயிரும். மன்னார் வளைகுடாவோட 21 தீவும் 1986லேயே தேசியப் பூங்கா ஆயிருச்சு, வனத்துறை அனுமதி இல்லாம எறங்கக் கூடாது. தெரிஞ்ச அண்ணன் படகு வச்சிருக்காருன்னு கூட்டிட்டுப் போகச் சொன்னா மாட்டிக்கிறது அந்த அண்ணன்தான், நீங்க ஊருக்குப் போயிருவீங்க.

வருசத் தொடக்கத்துல ஆமை முட்டை போடுற சீசன்ல வந்தா ராத்திரி டார்ச், செல்போன் லைட்டு எதுவும் கரையில அடிக்காதீங்க. வெளிச்சத்தப் பாத்தா ஏறி வர்ற தாய் ஆமை முட்டை போடாமலேயே திரும்பிரும், பொரிஞ்ச குஞ்சும் கடல விட்டுட்டு வெளிச்சம் இருக்குற பக்கம் போயி வெயில் ஏறுனதும் செத்துப்போகும். முட்டையப் பாத்தா நீங்களா எடுக்காம வனத்துறை ஆளுங்களுக்குச் சொல்லுங்க.

எனக்கு ரொம்ப மனசு கஷ்டமா இருக்குறது ஊர்க்காரங்களுக்கே இயற்கையப் பத்திப் பாடம் எடுக்குறதுதான். பாம்பன் சின்னப்பாலத்துல கடல்பாசி எடுக்குற அக்காங்களப் பாருங்க, வெரல்ல துணியச் சுத்திக்கிட்டுக் கண்ணாடி போட்டு முங்கி முங்கிப் பாறையில இருந்து பாசி எடுக்குறாங்க. மாசத்துல 12 நாள்தான் எடுக்கணும், பாசி மறுபடி வளரட்டும்னு அவங்களே கூடிப் பேசி வச்ச கட்டுப்பாடு அது, யாரும் வந்து சொல்லிக் குடுக்கல. அந்த ஊரு லெட்சுமி அக்காவுக்கு 2015ல, தீவுகளோட இயற்கையக் காப்பாத்துறவங்களுக்குக் குடுக்குற சீகாலஜி விருது கெடச்சது இந்த மாதிரி வேலைக்குத்தான். அவங்ககிட்டப் போயி கடல எப்படிக் காப்பாத்துறதுன்னு பேசாம, கேளுங்க. ஈரச் சேலையோட கரையேறும்போது கேக்காம போட்டோ எடுக்காதீங்க, அது எந்த ஊர்லயும் தப்புதான்.

நாள் பாத்து வாங்க. ஐப்பசி கார்த்திகையில மழையும் காத்துமா இருக்கும், படகு பல நாள் போகாது. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகுக்கு மீன்புடித் தடைக்காலம், பல வீட்டுல கையில காசு இருக்காது, அப்ப வந்தா சாப்பாட்டுக் காசு மொதல்லயே குடுத்துருங்க, அவங்க வாய் தொறந்து கேக்க மாட்டாங்க. கிறிஸ்தவங்க இருக்குற ஊர்ல ஞாயித்துக்கிழமையும் முஸ்லிம் ஊர்ல வெள்ளிக்கிழமையும் பெரும்பாலும் தொழிலுக்குப் போறதில்ல, அன்னைக்குப் போயி ஏன் வேலை நடக்கலைன்னு நிக்காதீங்க. என்னைக்குக் கெளம்புறீங்கன்னும் வந்த அன்னைக்கே சொல்லிருங்க, உங்களுக்குன்னு மீனும் தண்ணியும் வாங்கி வைக்கிறது அந்த வீட்டுக் கணக்குல இருக்கும்.