தென்னைக்கு உரம்: நம்ம கடலோர மணல்ல தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராமநாதபுரம் மாவட்டத்துல எங்க உச்சிப்புளி பக்கம் ஐப்பசி மழை ரெண்டு நாள் சேந்தாப்புல பெஞ்சா போதும், மறுநாள் காலைல சொசைட்டி வாசல்ல ஆதார் கார்டோட கூட்டம் நிக்கும். நெல்லு வெதச்சவுங்க, மிளகா போட்டவுங்க, எங்கள மாதிரி தென்னந்தோப்பு வச்சிருக்கவுங்க எல்லாரும் ஒரே வரிசைல. கேக்குற கேள்வியும் ஒண்ணுதான், யூரியா லோடு வந்துருச்சா? தன் தோப்புக்கு எத்தன மூட்டை வேணும்னு கணக்குப் போட்டு வச்சிட்டு வந்து நிக்கிற ஆள அந்த வரிசைல நான் பாத்தது ரொம்பக் கம்மி. நானும் பல வருஷம் அப்படித்தான் நின்னேன், கெடச்சத வாங்கி வண்டில ஏத்திட்டு வந்து மரத்தடில கொட்டினேன். உரத் தட்டுப்பாடுன்னு நம்ம பேசுறதுல பாதி நம்மளே உண்டாக்குறதுன்னு இப்ப நான் உறுதியா நம்புறேன், அது ஏன்னு எழுதத்தான் இது.

மொதல்ல கணக்கு. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் அஞ்சு வயசு தாண்டின நெட்டை ரக மரத்துக்கு வருஷத்துக்கு சொல்றது யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ, அதோட தொழு உரம் 50 கிலோ. இத ரெண்டா பிரிச்சு ஆனி ஆடில ஒரு தடவ, மார்கழி தைல ஒரு தடவ. நூறு மரத்துக்கு கூட்டிப் பாருங்க, யூரியா 130 கிலோ, அதாவது 45 கிலோ மூட்டைல மூணுக்கும் கொஞ்சம் கம்மி. 50 கிலோ மூட்டைல சூப்பர் 4, பொட்டாஷ் 4. வருஷம் முழுசுக்கும் அவ்வளவுதான். ஆனா எங்க ஊர்ல நூறு மரத்துக்கு எட்டு மூட்டை யூரியாவும் ஒரு மூட்டை பொட்டாஷும் போடுறவுங்கதான் ஜாஸ்தி, நானே அப்படிப் போட்டிருக்கேன். தென்னை பொட்டாஷ் தின்னுற மரம், தேங்கா, மட்டை, எளநீ எல்லாத்துலயும் அதுதான் தோப்ப விட்டு வெளிய போகுது. நம்ம போடுற கணக்கு அதுக்கு நேர் தலைகீழ்.

ஏன் இப்படி ஆச்சுன்னா வெலை. யூரியா மூட்டை 266 ரூபா 50 காசு, அரசாங்கம் கட்டி வச்ச வெலை, உலகத்துல என்ன நடந்தாலும் அது அசையாது. பொட்டாஷ், தழைச்சத்தும் மணிச்சத்தும் சேந்த டிஏபி உரம் எல்லாம் 2010-ல வந்த ஊட்டச்சத்து அடிப்படை மானியத்துக்குள்ள போயிருச்சு, அதுல மானியம் ஒரு அளவு, மிச்ச வெலை மார்க்கெட்டப் பொறுத்து ஏறும் எறங்கும். 2022-ல பொட்டாஷ் மூட்டை 1,700 ரூபா வரைக்கும் போச்சு. அப்ப யூரியால இருக்குற தழைச்சத்து (நைட்ரஜன்) ஒரு கிலோ நமக்கு 13 ரூபாக்கு விழுந்துச்சு, பொட்டாஷ்ல இருக்குற சாம்பல்சத்து ஒரு கிலோ 57 ரூபாகிட்ட. சல்லிசா கெடைக்கிறத அள்ளிப் போடத்தான் கை போகும். ஆனா மரத்துக்கு வெலை தெரியாதுல்ல. தழைச்சத்து மட்டும் கூடினா ஓலை கரும்பச்சையா பாக்க நல்லாருக்கும், எலை மெதுமெதுன்னு ஆகி சாறு உறிஞ்சுற பூச்சிக்கு விருந்தாகும், குரும்பை நிக்காது. கைல காசு கம்மியா இருந்தா யூரியாவக் கூட்டிக்காம எல்லாத்தையும் ஒரே அளவுல கொறச்சுப் போடுங்க, அதுதான் என்னோட அனுபவம்.

அடுத்தது வாங்குற நேரம், இதத்தான் நான் ரொம்ப அழுத்திச் சொல்லணும்னு நெனைக்கிறேன். நம்ம மாவட்டத்துல மழையே வருஷத்துக்கு 800 மில்லிமீட்டர் சுமாருக்குத்தான், அதுல பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்துல. திருவாடானை, ஆர்.எஸ். மங்கலம் பக்கமெல்லாம் புழுதில நெல்ல வெதச்சுட்டு மழைக்குக் காத்துக் கெடப்பாங்க, மழை விழுந்து பயிர் எந்திரிச்சதும் மேலுரம் போட ஒரே பத்து பதினஞ்சு நாளுக்குள்ள அத்தன பேருக்கும் யூரியா வேணும். தஞ்சாவூர் பக்கம் சம்பாவுக்கும் அதே சமயம்தான். அவுங்களுக்கு அந்த நாள விட்டா வேற நாள் கெடையாது. தென்னைக்கு அப்படி இல்லியே! நம்ம பருவம் ஆனி ஆடியும் மார்கழி தையும்தான். ஆனி மாசம் போயிப் பாருங்க, கடைல மூட்டை அடுக்கிக் கெடக்கும், கூட்டமே இருக்காது. ஐப்பசில தென்னைக்காரன் வரிசைல நின்னா நெல்லுக்காரனுக்குப் போக வேண்டிய மூட்டைய எடுத்துட்டுப் போயி, அடுத்து அடிக்கிற கனமழைல மணல்ல கரைய விடுறான், அவ்வளவுதான் நடக்குது. தண்ணி வசதி இல்லாத தோப்புன்னா ஆனில வாங்கி வச்சுட்டு ஆவணி புரட்டாசில ஒரு மழை கெடச்சதும் அந்த ஈரத்துல போடலாம்.

உரம் எங்கருந்து வருதுன்னு தெரிஞ்சா எத முன்கூட்டி வாங்கணும்னு வெளங்கும். யூரியாவுக்கு மூலப்பொருள் இயற்கை எரிவாயு. நம்ம ராமநாதபுரத்து மண்ணுக்கடில இருந்து ஓஎன்ஜிசி எடுக்குற கேஸ் தூத்துக்குடி வரைக்கும் 143 கிலோமீட்டர் குழாய்ல போகுது, 2021 பிப்ரவரில அத தொறந்தாங்க. தூத்துக்குடில ஸ்பிக் ஆலை யூரியா தயாரிக்குது. அதனால யூரியா நமக்கு பக்கத்து வீட்டுச் சரக்கு மாதிரி, கொஞ்ச நாள் இல்லாமப் போனாலும் திரும்ப வந்துரும். பொட்டாஷ் அப்படி இல்ல. இந்தியால பொட்டாஷ் வெட்டி எடுக்குற சுரங்கமே கெடையாது, கனடா, ரஷ்யா, பெலாரஸ், இஸ்ரேல், ஜோர்டான்னு அங்கருந்து கப்பல்லதான் வரணும். பெலாரஸ் மேல பொருளாதாரத் தடை, 2022 பிப்ரவரில உக்ரைன் சண்டை, ரெண்டும் அடுத்தடுத்து வந்தப்ப இங்க பெரியபட்டினத்துல தோப்பு வச்சிருக்கவரு பொட்டாஷ் இல்லாம அலைஞ்சாரு. ஆக, பொட்டாஷ் கெடைக்கிறப்ப வாங்கி வைக்கிறது புத்தி, யூரியாவ பதுக்கி வைக்கிறது அவசியமே இல்ல. நம்ம ஆளுங்க இதையும் மாத்தித்தான் செய்றாங்க.

டிஏபி விஷயத்துக்கு வர்றேன். டிஏபி இல்லைன்னா விவசாயமே இல்லங்குற மாதிரி ஒரு நெனப்பு ஊருக்குள்ள இருக்கு. தென்னைக்கு சிபாரிசுலயே இருக்குறது சூப்பர் பாஸ்பேட்தான். அப்படியும் ஒரு மூட்டை டிஏபியோட சத்துதான் வேணும்னா மூணு மூட்டை சூப்பரும் 20 கிலோ யூரியாவும் அதுக்குச் சமம், கூடவே சுண்ணாம்புச்சத்தும் கந்தகமும் சூப்பர்ல சும்மா வருது. டிஏபிக்காக நாலு ஊர் அலையுற பெட்ரோல் காசு மிச்சம். டிஏபிலயும் சூப்பர்லயும் இருக்குற மணிச்சத்து (பாஸ்பரஸ்) வருஷா வருஷம் போட்ட தோப்புல மண்ணுல தங்கியும் இருக்கலாம், மண் பரிசோதனை பண்ணிப் பாத்துட்டு கொறைக்கலாம்.

கடலுக்கு அந்தப் பக்கம் நடந்ததயும் நம்ம மறக்கக் கூடாது. தனுஷ்கோடிலருந்து தலைமன்னார் 30 கிலோமீட்டர் சுமார். இலங்கைல 2021 மே மாசம் ரசாயன உர இறக்குமதிய ஒரே அடியா நிறுத்துனாங்க, தேயிலை, ரப்பர், தென்னை, நெல்லுன்னு தோட்டப் பொருளாதாரத்துல நிக்கிற நாடு, மாத்து உரம் கைல இல்லாமயே நிறுத்துனாங்க. நவம்பர்ல தடைய எடுக்க வேண்டியதாப் போச்சு. தேயிலை 2021-ல 30 கோடி கிலோகிட்ட இருந்தது 2022-ல 25 கோடி கிலோ சுமாருக்கு எறங்கிருச்சு, நெல்லும் கடுமையா விழுந்துச்சு. டாலர் தட்டுப்பாடு, கடன்னு வேற பெரிய காரணங்களும் சேந்து அங்க வாழ முடியாமப் போயி, 2022 மார்ச்ல குழந்த குட்டியோட தனுஷ்கோடி அரிச்சல்முனை மணல் திட்டுல வந்து எறங்குன குடும்பங்கள நம்ம ஊர்க்காரங்க கண்ணால பாத்தோம், அத நெனச்சா இப்பவும் மனசு கனக்குது. இயற்கை உரம் தப்புன்னு நான் சொல்ல வரல. தொழு உரம் இல்லாத மணல்ல எந்த உரமும் நிக்காது. ஆனா ஒரே வருஷத்துல எல்லாத்தையும் நிறுத்திட்டு மாறுறேன்னு எறங்குறது பெரிய தப்பு. தென்னைல அது இன்னும் மோசம், ஏன்னா பாளை வெளிய வர்றதுக்கு ரெண்டரை வருஷம் முன்னாடியே உள்ள கரு கட்டிருது, அப்புறம் காய் முத்த ஒரு வருஷம். இந்த வருஷம் உரம் நிறுத்துனா அடுத்த வெட்டுல ஒண்ணும் தெரியாது, பாத்தியா உரமே தேவ இல்லன்னு சந்தோஷப்படுவோம், மூணாவது வருஷம் குலை சிறுத்து நிக்கிறப்ப காரணமே நெனவு இருக்காது.

இயற்கை உரத்துக்கு மாறணும்னு நெனைக்கிறவுங்க மொதல்ல தோப்புல ஆட்டுக்கிடை போடுங்க, கொழிஞ்சி நம்ம மணல்ல தானா மொளைக்கிற செடி, அத வளத்து பூ எடுக்குறப்ப மண்ணோட மடக்கி உழுது விடுங்க, உரிமட்டைய வித்துராம பாத்தில கவுத்து அடுக்குங்க. உரிமட்டைல பொட்டாஷ் இருக்கு, ஈரத்தையும் பிடிச்சு வைக்கும். மட்டைய லாரில ஏத்தி விட்டுட்டு அதே பொட்டாஷ கனடாலருந்து வரவழைச்சு வாங்குறோம்னா யோசிக்க வேண்டிய விஷயம்தானே.

இனி போடுற விதம். எங்க தோப்புல ரொம்ப காலம் வேலை பாத்த பெரியவர் ஒருத்தர் ஒரு தடவ கேட்டாரு, "தம்பி, இந்த உரம் தென்னைக்கா, கெணத்துக்கா?" அப்ப எனக்குக் கோவம்தான் வந்துச்சு, அப்புறந்தான் புரிஞ்சுது. கடற்கரை மணல் சத்தப் பிடிச்சு வைக்காது. யூரியாவும் பொட்டாஷும் கரைஞ்சு தண்ணியோட கீழ எறங்கும், பத்து பன்னெண்டு அடில நல்ல தண்ணி ஊத்து இருக்கிற எடத்துல அது நேரா அந்த ஊத்துக்குத்தான் போகும். அதே கெணத்துலதான் குடிக்கவும் எடுக்குறோம். குடிதண்ணில நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல போகக் கூடாதுன்னு இந்தியத் தரம் சொல்லுது, கொதிக்க வச்சா அது போகாது, கைக்குழந்தைக்கு அது ஆபத்து. அதனால மணல்ல ரெண்டு தடவைக்குப் பதிலா நாலு தடவையா பிரிச்சுப் போடுறது நல்லது, சொட்டுநீர் இருந்தா மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமா விடலாம். கனமழை அறிவிப்பு வந்த அன்னிக்கு போடவே போடாதீங்க.

மரத்த ஒட்டி கொட்டுறது இன்னொண்ணு. உறிஞ்சுற வேர் அங்க இல்ல, மரத்துலருந்து ஆறடி வரைக்கும் வட்டப்பாத்தி எடுத்து பரவலாத் தூவி, கொத்தி மண்ணோட கலந்து, உடனே தண்ணி விடணும். ஈர மணல் மேல யூரியாவ சும்மா தூவிட்டுப் போனா அம்மோனியா ஆவியா காத்துல போயிரும், சிப்பி கலந்த சுண்ணாம்பு மணல்ல இது இன்னும் வேகம், அந்த வாடை மூக்குல ஏறுதுன்னா உங்க காசு பறக்குதுன்னு அர்த்தம். சாம்பலையோ சுண்ணாம்பையோ யூரியாவோட டிஏபியோட சேத்துக் கலக்குறவுங்களுக்கும் இதேதான். யூரியாவையும் சூப்பரையும் முந்தின நாளே கலந்து வச்சா கூழா ஆயிரும், போடுற நேரத்துல மட்டும் கலக்கணும்.

ஓலை மஞ்சளானா ஒடனே யூரியான்னு ஓடுறதும் நிக்கணும். அடி ஓலை நுனிலருந்தும் ஓரத்துலருந்தும் மஞ்சளாகி காஞ்சு, நடு நரம்பு மட்டும் பச்சையா இருந்தா பொட்டாஷ் பத்தலைன்னு பாருங்க. புதுக் குருத்து சுருங்கி, எலைங்க ஒண்ணொண்ணாப் பிரியாம ஒட்டிக்கிட்டு வந்தா போரான்ங்குற நுண்சத்து பத்தல. ஓலை மேல கருப்பா மை பூசின மாதிரி இருந்தா அது சத்துக் கொறையே இல்ல, சுருள் வெள்ளை ஈ விடுற தேன்கசிவுல வளர்ற கரும்பூசணம், அதுக்கு யூரியா போட்டா எரியுற தீல எண்ணெய்தான். சந்தேகம்னா ஓலைய போட்டோ எடுத்துட்டு ராமநாதபுரம் கடலோர உவர் ஆராய்ச்சி மையத்துலயோ பரமக்குடி வேளாண் ஆராய்ச்சி நிலையத்துலயோ காட்டுங்க.

மண்டபம் பக்கம் கடல்ல வளக்குற கப்பாங்குற பாசிலருந்து எடுக்குற சாறு இப்ப பரவலா கெடைக்குது, நல்ல பொருள்தான், நம்ம கடல்ல நம்ம பொம்பளைங்க உழைப்புல வர்றது. ஆனா அது பயிர தூண்டி விடுற ஊக்கி. லிட்டர் கணக்குல தெளிக்கிற சாறு மரத்துக்கு 2 கிலோ பொட்டாஷோட வேலையச் செய்யாது, உரத்தோட சேத்துப் பயன்படுத்துங்க, உரத்துக்குப் பதிலா வேணாம்.

கடைசியா கடை விஷயம். ஒரு கடைல யூரியா வேணும்னா கூட இந்த பாட்டிலும் எடுத்தாத்தான் தருவேன்னு சொல்லி என் தலைல ஒரு சத்து டானிக்க கட்டினாங்க, வரிசைல நின்ன அசதில நானும் வாங்கிட்டேன். அப்படிக் கட்டாயப்படுத்த யாருக்கும் உரிமை இல்ல, வேளாண்மை அலுவலர்கிட்ட புகார் குடுக்கலாம். கைரேகை மெஷின்ல பதியாம, பில் இல்லாம பத்து ரூபா கம்மியா கெடைக்குதுன்னு வாங்காதீங்க. மெஷின்ல பதியலைன்னா அந்த மூட்டை விக்காம ஸ்டாக்ல கெடக்குன்னுதான் கணக்கு காட்டும், ஸ்டாக் இருக்கிற ஊருக்கு அடுத்த லோடு எதுக்குன்னு கேள்வி வரும். அடுத்தவருக்கு உங்க ஆதார்ல வாங்கிக் குடுக்குறதும் அதே மாதிரி கணக்கக் கெடுக்கும்.

வாங்கி வச்ச மூட்டைய வெறுந்தரைல போடாம பலகை மேல அடுக்கி, பிரிச்ச வாய இறுக்கிக் கட்டுங்க, நம்ம கடல் காத்து ஈரத்துக்கு யூரியா ரெண்டு வாரத்துல கல்லாயிரும். அப்படி இறுகினாலும் சத்து போயிராது, தூக்கி எறிய வேணாம், உடச்சு சன்னமாக்கி போட்டுக்கலாம்.