ஆயில் பெயிண்ட்டா, தண்ணி பெயிண்ட்டா? முதலில் சுவரைத் தொட்டுப் பாருங்கள்

பொங்கலுக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது என்றதும் கடைக்கு ஓடி, "நல்ல பெயிண்ட்டா ஒண்ணு குடுங்க" என்று கேட்கிற ஆளாகத்தான் நானும் இருந்தேன். கோபிசெட்டிபாளையம் பக்கம் அப்பிச்சி (அம்மாவின் அப்பா) வீட்டு ஆசாரத்துக்கு, அதாவது கூடத்துக்கு, விலை கூடிய எமல்ஷன் (தண்ணி பெயிண்ட்) வாங்கி, ஆளே வைக்காமல் நானே ரோலர் போட்டேன். மேல்சுவர் இன்றைக்கும் பளிச்சென்று இருக்கிறது. கீழே நாலடி உயரத்துக்குத்தான் வினை. அந்தக் காலத்தில் அழுக்குத் தெரியக்கூடாது என்று சுற்றிலும் பச்சை ஆயில் பெயிண்ட்டில் பட்டை அடித்திருந்தார்கள், நான் அதன் மேலேயே உருட்டிவிட்டேன். சித்திரையில் அக்கா மகள் சுவரில் ஒட்டிய ஸ்டிக்கரைப் பிய்த்தபோது, உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்ட்டும் கூடவே வந்தது, சின்ன வெங்காயச் சருகு மாதிரி. அடியில் அதே பழைய பச்சை, பளபளவென்று.

பார்க்க வந்த பெரிய பெயிண்டர் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "எந்தப் பெயிண்ட் நல்லதுன்னு கேக்காதீங்க தம்பி. எது மேல அடிக்கப் போறீங்கன்னு சொல்லுங்க, நான் பெயிண்ட்டச் சொல்றேன்." அன்றிலிருந்து நான் யாருக்கு யோசனை சொன்னாலும் இங்கிருந்துதான் ஆரம்பிப்பது.

எமல்ஷனில் பிசின் பொடிப்பொடித் துளிகளாகத் தண்ணீரில் மிதக்கிறது. தண்ணீர் ஆவியானதும் துளிகள் ஒன்றோடொன்று நெருங்கி ஒட்டிப் படலமாகிவிடும். அரை மணியில் தொடலாம், நாலு மணி நேரத்தில் அடுத்த கோட். படலம் கொஞ்சம் நெகிழ்வாக இருக்கும், சுவருக்குள் இருக்கிற ஈரம் மெதுவாக வெளியேற வழி விடும். ஆயில் பெயிண்ட், அதாவது சாதாரண எனாமல், வேறு விதம். டர்பன்டைன் பறந்த பிறகும் அது காய்வதில்லை, காற்றில் இருக்கும் ஆக்சிஜனை இழுத்துத்தான் கெட்டிப்படுகிறது. தொடுவதற்கே ஆறு முதல் எட்டு மணி நேரம், அடுத்த கோட் மறுநாள். நன்றாகக் கெட்டிப்பட்ட பின் கல் மாதிரி நிற்கும், ஈரத்துணியால் எத்தனை முறை துடைத்தாலும் தாங்கும். ஆனால் கெட்டிப்படுவது அதோடு நிற்காது, வருடக்கணக்கில் தொடரும், அதனால்தான் வெயில் படுகிற மரக்கதவில் பழைய எனாமல் வெடித்து நிற்கிறது. வெள்ளை எனாமலுக்கு இன்னொரு குணம், வெளிச்சம் படாத இடத்தில் மஞ்சளாகும். பீரோவை நகர்த்திப் பாருங்கள், தெரியும்.

கையில் இருக்கும் டப்பா எந்த ரகம் என்று குழப்பமா? பின்பக்கம் எதைக் கலக்கச் சொல்லியிருக்கிறது என்று பாருங்கள், தண்ணீரா டர்பன்டைனா. அவ்வளவுதான். தண்ணீர் என்றால், முடிந்தவரை ஆற்றுத் தண்ணீராகவே கலந்துகொள்ளுங்கள், உப்புக் கரிக்கும் போர்த் தண்ணீர் வேண்டாம்.

சுவரில் ஏற்கெனவே இருப்பதுதான் உண்மையான கேள்வி. முதலில் உள்ளங்கையால் அழுத்தித் தேயுங்கள். மாவு மாதிரி ஒட்டினால் சுண்ணாம்பு அல்லது டிஸ்டெம்பர் என்கிற மலிவு ரகப் பூச்சு. நம் பக்கத்துப் பழைய ஓட்டு வீடுகளில் தலைமுறை தலைமுறையாக அடித்த சுண்ணாம்பு அடுக்கடுக்காக இருக்கும், அதைச் சுரண்டி எடுக்காமல் மேலே எது அடித்தாலும் நிற்காது. மாவு ஒட்டவில்லையென்றால், கொரோனா காலத்தில் வாங்கி மிச்சமிருக்கிற சானிடைசரைப் பஞ்சில் நனைத்து ஒரே இடத்தில் இருபது முப்பது தடவை தேயுங்கள். பஞ்சில் கலர் ஏறி, சுவர் பிசுபிசுத்தால் தண்ணி பெயிண்ட். ஒன்றும் ஆகாமல் அழுக்கு மட்டும் வந்தால் ஆயில். ஓரமாக, கதவுக்குப் பின்னால் செய்து பாருங்கள், நடு ஹாலில் வேண்டாம்.

ஆயில் என்று தெரிந்துவிட்டது, மேலே எமல்ஷன் அடிக்கவேண்டும், என்ன செய்வது? சோப்புத் தண்ணீரால் எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவிக் காயவிடுங்கள். அப்புறம் 120-ஆம் நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு மொத்தமும் மங்கும்வரை தேய்க்கவேண்டும். வேலையே இதுதான், கை கடுக்கும், பாதியில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போனால் திரும்ப வர மனசு வராது. தூசியைத் துடைத்து, டர்பன்டைன் கலக்கிற பிரைமர் (பெயிண்ட்டுக்கு முன் அடிக்கிற அடிப்பூச்சு) ஒரு கோட் அடித்து இரவு முழுக்க விடுங்கள். காலையில் நகத்தால் கீறிப் பாருங்கள். சுருண்டு வந்தால் சரியாகத் தேய்க்கவில்லை என்று அர்த்தம், மறுபடியும் உப்புத்தாள். வராவிட்டால் தாராளமாக எமல்ஷன் இரண்டு கோட். ஒரு எச்சரிக்கை: வீட்டு உபயோகப் பெயிண்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலாக இருந்தால் தண்ணீர் தெளித்துத் தேயுங்கள், மாஸ்க் போடுங்கள், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

புதுச் சுவருக்கு வருவோம். சிமெண்ட் பூச்சில் காரம் இருக்கும். எண்ணெயும் காரமும் சேர்ந்தால் என்னாகும், சோப்பாகும். அப்படித்தான் புதுப் பூச்சின் மேல் அவசரமாக அடித்த எனாமல் பிசுபிசுத்து உரிந்து வருகிறது. கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள் என்பதற்காகச் சுவர் காய்ந்துவிடாது, குறைந்தது 28 நாளாவது விடுங்கள், உள்ளே வெளியே இரண்டுக்கும் எமல்ஷனே போதும். ஓதம் ஏறுகிற சுவராக இருந்தால் எந்தப் பெயிண்ட்டும் மருந்தாகாது, முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்.

ஜன்னல் கம்பி, கேட், கதவு நிலைக்கெல்லாம் எனாமல்தான் என் ஓட்டு. இரும்பில் துருவைத் தேய்த்து எடுத்து ரெட் ஆக்சைடு பிரைமர், மரத்துக்கு வுட் பிரைமர், அப்புறம் எனாமல். இப்போது தண்ணீரில் கலக்கிற எனாமலும் கிடைக்கிறது, நாற்றம் குறைவு, மஞ்சளாகாது. வீட்டில் கைக்குழந்தையோ ஆஸ்துமாக்காரரோ இருந்தால் உள்கதவுகளுக்கு அதையே வாங்குங்கள். ஆடி மாதத்தில் மட்டும் கேட்டுக்கு ஆயில் பெயிண்ட் அடிக்காதீர்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று பொள்ளாச்சி, பல்லடம் பக்கமெல்லாம் புழுதியை அள்ளிக்கொண்டு வரும், எட்டு மணி நேரம் ஈரமாக நிற்கிற கேட்டில் அத்தனையும் ஒட்டிக்கொள்ளும். தடவினால் உப்புத்தாளைத் தடவுகிற மாதிரியே இருக்கும்.

எமல்ஷன் பிரஷ்ஷைக் குழாயில் கழுவலாம், எனாமல் பிரஷ்ஷுக்கு டர்பன்டைன்தான். கை துடைக்கத் திருப்பூர் பனியன் வேஸ்ட்டை விடச் சிறந்தது கிடையாது, ஆனால் ஆயில் பெயிண்ட் துடைத்ததைச் சுருட்டி மூலையில் குவிக்காதீர்கள். ஆக்சிஜனை இழுத்துக் காயும்போது சூடு கிளம்பும், குவியலுக்குள் அந்தச் சூடு வெளியேற முடியாமல் தானாகவே தீப்பிடித்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. வெளியே தனித்தனியாக விரித்துக் காயப்போட்ட பிறகு எறியுங்கள்.

மிச்சப் பெயிண்ட்டை இறுக மூடி, மூடிமேல் மார்க்கரில் எந்த அறை, ஷேட் நம்பர் என்ன, ஆயிலா தண்ணியா என்று எழுதி வையுங்கள். எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் ஏழு டப்பா இருக்கிறது, எது எந்தச் சுவருக்கு என்று இப்போது ஒருத்தருக்கும் தெரியாது.